ஒரு மனிதர், மூன்று வாசல்கள்

(மேல்மலையனூரில் ஓர் அமாவாசை மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமாவாசையன்று இவ்வூரில் ஜனங்களைக் கூட்டுவதற்கு எவரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஆனால் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்காக நள்ளிரவு வரை காத்திருக்கும் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, அரசியல் சாசனத்தின் ஷரத்துக்களைப் பற்றிப் பேச வந்திருக்கும் ஒரு பழைய சட்ட ஆசிரியனின் முன்னே உட்கார வைப்பதற்கு அசாத்தியமான துணிவு வேண்டும். அந்தத் துணிவைக் காட்டிய அன்பர்களுக்கு என் வணக்கம்.

செஞ்சியிலிருந்து வந்த பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கோட்டை மலைகள் ஜன்னலுக்கு வெளியே பின்வாங்கிக்கொண்டிருக்க, கம்பியைப் பிடித்தபடி நின்று வந்தேன். மடியில் எலுமிச்சம்பழப் பையை வைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நிக்கிறியே தம்பி, இப்படி ஓரமா ஒண்டிக்க" என்று தம் உடம்பை ஒடுக்கிப் பாதி இடம் கொடுத்தார். அறுபதைத் தாண்டிய என்னை எவரும் தம்பி என்று அழைத்து வெகு காலமாயிற்று. மனம் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிராது, அதே வாஞ்சையோடு அவர் கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே விஷயமன்று. இடம் கொடுத்த கையும் குலம் கேட்ட வாயும் ஒருவருடையவையே என்பதும், அவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு எதையும் அவர் காணவில்லை என்பதுமே இங்கு வந்து சேரும் வரையில் என் சிந்தையை நிறைத்திருந்தன. பொதுச் சட்டத்தில் சமத்துவம் என்னும் கொள்கையைக் குறித்துப் பண்டிதர்கள் நடத்தி வந்திருக்கும் விவாதங்களையெல்லாம் வரிசையாக எடுத்துரைக்க வேண்டும் என்று குறிப்பெழுதி வந்தவன், அந்தக் குறிப்பைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, இவ்வூருக்கே உரிய ஒரு மனிதரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பேசலாம் என்று தீர்மானித்தது அந்தப் பேருந்தில்தான்.

அந்த மனிதர் கற்பனையானவர். அவருக்குப் பெயர் வேண்டாம். ஆனால் அவரைப்போன்றவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருக்கக்கூடும். இக்கோயிலில் பூசை செய்யும் பாத்தியதை, பர்வதராஜ குலத்தார் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் செம்படவர் சமூகத்தாருக்குப் பரம்பரையாக உரியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மனிதர் அந்தச் சமூகத்தவர். அவருடைய பாட்டனார் ஏரியில் வலை வீசியவர். அவர் தமது முறை வரும்போது சந்நிதியில் நிற்பவர். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டிருப்பவள். ஆகவே கோயில், கல்லூரி, ஏரி என்று மூன்று வாசல்களில் இந்தக் குடும்பம் நிற்கிறது. கோயில் வாசலில் உள்ளே நிற்பவர் அவர். வெளியே நிற்பவர்கள் மந்திரியானாலும் நீதிபதியானாலும் அவர் கையிலிருந்து குங்குமத்தை எதிர்பார்த்துக் கைநீட்ட வேண்டியவர்கள். கல்லூரி வாசலில் அவர் மகளின் பெயர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பட்டியலின்கீழ் இருக்கிறது. ஏரிக்கரையிலோ அவர் ஏலம் கேட்க வந்திருக்கும் பத்துப் பேரில் ஒருவர்.

இவர் உயர்ந்தவரா, தாழ்ந்தவரா, சமமானவரா? இந்தக் கேள்விக்கு மொத்தமாக ஒரே விடை கூற முடியாது என்பதும், ஒவ்வொரு வாசலிலும் அதைத் தனித்தனியே கேட்டாக வேண்டும் என்பதுமே என்னுடைய அபிப்பிராயம். சமத்துவத்தை ஒரு மனிதனின் உடம்போடு ஒட்டிய குணமாகக் கருதி வாதிடுகிறவர்கள், அவர்கள் எந்தக் கட்சியினராயினும், இதனாலேயே இடறுகிறார்கள் என்று நான் எண்ணுகிறேன்.

நம் சாசனத்தின் 14-ஆவது ஷரத்து இரண்டு வாக்கியத் துணுக்குகளைச் சேர்த்துத் தைத்தது. சட்டத்தின் முன் சமம் என்ற முதல் துணுக்கு ஆங்கில மரபிலிருந்து வந்தது. சட்டங்களின் சமமான பாதுகாப்பு என்ற இரண்டாவது, அடிமை முறையை ஒழித்த உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் அமெரிக்கர் 1868-இல் தங்கள் சாசனத்தில் சேர்த்த திருத்தத்திலிருந்து வந்தது. முதலாவது எல்லோரையும் ஒரே கோலால் அளக்கச் சொல்கிறது. இரண்டாவது, பாதுகாப்பு எல்லோரையும் ஒரேயளவில் சென்று சேர்ந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. இவ்விரண்டின் பேதத்தை நூல்களைக்காட்டிலும் உங்கள் மாசித் திருவிழாவே தெளிவாகக் காட்டும். மயானக் கொள்ளையன்று சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் நாணயமும் வாரி இறைக்கப்படும்போது, எடுத்துக்கொள்ள எவருக்கும் தடையில்லை. ஜாதியில்லை, சீட்டில்லை, வரிசையில்லை. ஆயினும் அதைக் கண்ணால் கண்டவர்கள் அறிவார்கள்: தோள்வலிமையுள்ள வாலிபன் மடி நிறைய அள்ளுகிறான், கிழவியின் கைக்கு, உருண்டு வந்த ஒரு கத்திரிக்காய் கிட்டினால் உண்டு. பிரசாதத்துக்கு அது பொருந்தும். அதில் ஒரு பக்தியும் விளையாட்டும் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரியின் இடங்களையும் அவ்விதமே இறைத்துவிடலாமா என்பதுதான் எழுபது ஆண்டுகளாக நடக்கும் வழக்கு.

இடையிலே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் முன்னோரின் ஜனநாயகத்துக்குச் சாட்சியாக உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தகன் காலத்தில், ஓலையைக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்த முறை உண்மையிலேயே வியக்கத்தக்கது. ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்ற பகுதியையும் வாசிக்க வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். குடம் பொதுவானது, ஓலை பொதுவானதன்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. பெருமையை நான் குறைக்கவில்லை, கல்லிலே இருப்பதை முழுவதும் படிக்கச் சொல்கிறேன்.

இப்போது கல்லூரி வாசலுக்கு வருவோம்.

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியார் ஆட்சியில் 1921-இல் பிறந்து, 1927-இல் திட்டமான உருவம் பெற்ற வகுப்புவாரி உத்தரவு, நம் முதியவர்கள் கம்யூனல் ஜி.ஓ. என்றே வழங்கியது, சர்க்கார் உத்தியோகங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூறுபோட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. நம் மனிதரின் பாட்டனார் இந்தப் பங்கீட்டில் எங்கே இருந்தார் என்று தேடிப்பாருங்கள். பிராமணரல்லாதார் என்ற அந்த ஐந்துக்குள் இருந்தார். நூறு காணி மிராசுதாரின் பிள்ளையோடும், ஜமீன் வீட்டுப் பிள்ளையோடும் அதே ஐந்துக்குள் வலைகாரர் வீட்டுப் பிள்ளையும் போட்டியிட வேண்டியிருந்தது. இருபதாண்டுகள் கழித்து, 1947-இல்தான் பங்கு பதினான்காகி, அதில் 6 பிராமணரல்லாதாருக்கும், 2 பின்தங்கிய இந்துக்களுக்கும், 2 பிராமணருக்கும், 2 ஹரிஜனங்களுக்கும், ஒவ்வொன்று கிறிஸ்தவர், முஸ்லிம் வகுப்பாருக்கும் என்று ஏற்பட்டது. பாட்டனாரின் பெயர் முதல் தடவையாக ஓர் உத்தரவில் தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது அந்த இரண்டில்தான். தெரிந்த மூன்றாவது வருஷமே அது நீதிமன்றத்துக்குப் போயிற்று.

1950-இல் சாசனம் அமலுக்கு வந்த சில மாதங்களுக்குள் செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார், கல்லூரி இடங்களுக்கும் பொருந்திய அந்தப் பங்கீட்டால் மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் மறுக்கப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். அவர் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பதும், விசாரித்துப் பார்த்ததில் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று அறிந்ததாகவே பிரமாணம் செய்திருந்தார் என்பதும், சர்க்கார் தரப்பு அந்த ஆட்சேபத்தை எழுப்பவில்லை என்பதும் தீர்ப்பிலேயே காணப்படுகின்றன. எத்தனையோ ஏழைகளின் மனுக்கள் கோர்ட்டுக் கட்டணம் ஓரணா குறைந்ததென்று திருப்பப்பட்டதைக் கண்ட எனக்கு, இந்தத் தாராளம் இன்றளவும் ஆச்சரியந்தான். இன்னொரு மனுதாரர் சீனிவாசன். பொறியியல் கல்லூரிக்கு மனுப் போட்டவர். 450-க்கு 369 மதிப்பெண் வாங்கியவர். அவருக்காக வாதாடியவர், சாசனத்தை வரைந்த குழுவிலேயே அங்கம் வகித்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அன்று மாகாணத்திலிருந்த நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து இடங்கள் 330, பொறியியலில் 395. மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டுமன்று, ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய பெரும் பரப்பு. அந்தப் பரப்புக்கு 330 மருத்துவ இடங்கள்! பந்தி சிறியது, இலைக்கு நடந்த சண்டையே வழக்காயிற்று. இலையை அதிகப்படுத்துவதைப்பற்றி இரு தரப்பாரும் நீதிமன்றத்தில் பேசியதாகத் தெரியவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையுமன்று.

1950 ஜூலையில் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-ஆம் தேதி ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவு செல்லாது என்றன. சர்க்கார் ஸ்தாபனத்தில் ஜாதி, மதம் முதலிய காரணங்களால் மட்டும் ஒருவருக்கு அனுமதி மறுக்கக் கூடாது என்று 29-ஆவது ஷரத்து கூறுகிறது. உத்தியோகங்களுக்கு 16-ஆவது ஷரத்தில் உள்ளதுபோன்ற விலக்கு கல்விக்கு எழுதப்படவில்லை. நலிந்தோரைப் பேண வேண்டும் என்னும் 46-ஆவது ஷரத்து வெறும் வழிகாட்டுநெறியாதலால் அடிப்படை உரிமைக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும் என்பது நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். மாகாணம் கொந்தளித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார்; காமராஜர் டில்லியில் நேருவிடம் எடுத்துரைத்தார்; 1951 ஜூன் 18-ஆம் தேதி முதல் திருத்தம் அமலுக்கு வந்து, 15-ஆவது ஷரத்தில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சாசனத்தின் முதற் பிறந்த நாள் கழிந்து ஐந்து மாதங்களுக்குள் தமிழ்நாட்டின் ஒரு வழக்கு அதைத் திருத்த வைத்தது.

அந்தத் தீர்ப்பு பிழையா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. எழுத்தைப் படித்த அளவில் நீதிபதிகளிடம் நான் குற்றம் காணவில்லை. உத்தரவுக்கும் ஒரு குறை இருந்தது. பதினான்கையும் ஒன்று விடாமல் வகுப்புகளுக்கு எழுதிவைத்து, பொதுவென்று ஓரிடமும் விடாமல் மூடியிருந்தது. ஆனால் வாசற்படியில் நின்று தட்டியவர் முகம் மட்டுமே நீதிமன்றத்துக்குத் தெரிந்தது. தெருக்கோடி வரையில்கூட வந்திராத பிள்ளைகளின் முகம் தெரியவில்லை. வழக்கு என்பது வந்தவரின் பிராதைக் கேட்பதாதலால் இது எல்லா நீதிமன்றங்களுக்கும் உள்ள ஊனம். ஏரிக்கரைப் பிள்ளை எந்த மனுவும் போடவில்லை. இடம் கிடைக்காது என்று பிரமாணம் செய்யவும் அவனுக்குத் தோன்றியிருக்காது.

அதன்பின் எழுந்த பெரிய தர்க்கம், ஒதுக்கீடு என்பது சமத்துவத்துக்கு விலக்கா, சமத்துவத்தின் விளக்கமா என்பது. விலக்கானால் அதைக் குறுக்கி வாசிக்க வேண்டும், விளக்கமானால் தாராளமாக வாசிக்கலாம். ஆகவே இது வெறும் சொற்சிலம்பமன்று. சென்னையில் வக்கீலாக இருந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான சுப்பா ராவ், 1963-இல் தேவதாசன் வழக்கில், மற்ற நீதிபதிகளோடு மாறுபட்டு, அது விலக்கன்று என்று தனியாக எழுதினார். 1975-இல் தாமஸ் வழக்கில் அந்தத் தனிக்குரல் பெரும்பான்மையின் குரலாயிற்று. என்னைப் பாதி இருக்கையில் உட்கார வைத்த மூதாட்டியை நினைத்துக்கொள்கிறேன். அவர் எனக்குச் செய்தது பேருந்து விதிக்கு விலக்கா? கட்டணம் கொடுத்த இருவருக்கும் பயணம் உண்டு என்ற விதியை, உள்ள இடத்துக்குள் நடத்திக்காட்டிய விதமா? சுப்பா ராவின் பக்கம் நான் சேர்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரத்தை நூலகத்தில் தேடவில்லை.

பிறகு வந்தவை நீங்கள் பத்திரிகைகளில் படித்தவை. 1992 நவம்பர் 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒதுக்கீட்டுக்கு ஐம்பது சதவீத வரம்பை உறுதி செய்ததும், தமிழ்நாடு தன் அறுபத்தொன்பது சதவீத ஒதுக்கீட்டைக் காக்க 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணைக்குள் புகுந்ததும் அனைவரும் அறிந்த சங்கதி. எனக்கு அதைக்காட்டிலும் அக்கறை, பாட்டனார் பட்டியலுக்குள் மறைந்துபோன அந்தப் பழைய கதையில்தான். 1970-இல் சட்டநாதன் குழு, பிற்படுத்தப்பட்டோருக்குள்ளேயே மிகவும் பிற்பட்டோரைப் பிரித்துத் தனிப்பங்கு தர வேண்டும் என்றது. அது காகிதத்தில் உறங்கியது. 1987 செப்டம்பரில் இந்த வட மாவட்டங்களின் சாலைகளில் வன்னியர் நடத்திய மறியலில் இருபத்தொரு உயிர்கள் போன பின்னரே, 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீதம் பிறந்தது. மீனவர், செம்படவர், பர்வதராஜ குலத்தார் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நம் மனிதரின் மகள் இன்று நிற்கும் வரிசைக்கு இதுவே வரலாறு. அவள் சமூகத்தார் கேட்டு வாங்கியதன்று, அடுத்த ஊர்க்காரர்கள் சாலையில் விழுந்து வாங்கியதில் இவளுக்கும் இடம் கிடைத்தது.

இருபதுக்குள் மறுபடியும் பிரிவினைக் கேள்வி எழுந்தது இயல்பே. 2021 பிப்ரவரியில் வன்னியருக்கு 10.5 சதவீதத்தை உள்ளொதுக்கீடாகத் தரும் சட்டம் நிறைவேறியது. நவம்பரில் உயர் நீதிமன்றமும், 2022 மார்ச் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதைத் தள்ளின. உட்பிரிவு செய்யவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. ஒரு சமூகத்தை மற்றவற்றினின்றும் பிரிப்பதற்குத் தற்காலத்துப் புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்கள் ஒரு பட்டியலில் இருக்க, யாருக்கு எத்தனை இடம் இதுவரை சென்றது என்பதை எண்ணிச் சொல்லாமலே அளந்து கொடுக்க முற்பட்டார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பாட்டிமார் சொல். அளப்பதற்கு முன்னே எண்ண வேண்டும். இம்மாவட்டத்தில் இதைச் சொன்னால் இரு தரப்பும் என்னை முறைக்கும் என்பது தெரியும். அருந்ததியருக்குத் தாழ்த்தப்பட்டோரின் பதினெட்டு சதவீதத்துக்குள் மூன்று சதவீதம் தந்த 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2024 ஆகஸ்டு முதல் தேதி ஏழு நீதிபதிகள் உட்பிரிவை ஏற்றுக்கொண்டபின் நிலைபெற்றுவிட்டது என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

இனிக் கோயில் வாசல். இவ்வூரில் நின்று இதைப் பேசுவதற்குச் சற்று உரம் வேண்டும்.

1971-ஆம் ஆண்டின் 2-ஆவது சட்டம், அர்ச்சகப் பதவிக்குப் பரம்பரை உரிமை இல்லை என்றாக்கியது. பல பெரிய கோயில்களின் அர்ச்சகர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர்; 1972 மார்ச் 14-ஆம் தேதி சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பாயிற்று. நியமனம் என்பது லௌகிகச் செயல், ஆகவே பரம்பரையை ஒழிக்கலாம். ஆனால் நியமிக்கப்படுகிறவர் அந்தந்தக் கோயிலின் ஆகமத்துக்கு ஏற்றவராக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் சாத்தியதாகவே அநேகர் கருதினர். 2006-இன் அரசாணையும், 2015 டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பும், 2021 ஆகஸ்டு 14-ஆம் தேதி பயிற்சி பெற்ற பல சமூகத்தாரும் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டதும் அந்தக் கதவின் அசைவுகளே.

இத்தனை விவாதமும் ஆகமக் கோயில்களைச் சுற்றியே நடந்தது. ஆனால் பரம்பரையை நீக்கிய அறநிலையச் சட்டத்தின் 55-ஆவது பிரிவிலே, அர்ச்சகர்களும் பூசாரிகளும் என்று இரு சொற்களும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. அங்காளம்மனின் பூசாரி, ஆகமம் என்னும் அரணை எடுத்துக்கொள்ள முடியாதவர். தாம் ஒரு தனி சமயப் பிரிவினர் என்று 26-ஆவது ஷரத்தின் துணையை நாடலாம். அதற்குத் தனிப்பெயர், பொதுவான நம்பிக்கை, ஒரு கட்டமைப்பு ஆகியவை வேண்டும் என்று 1954-இன் சீரூர் மடத் தீர்ப்பு வகுத்தது. அவ்வாதம் எங்கே போய் நிற்கும் என்று இங்கே நான் ஆரூடம் சொல்லப்போவதில்லை.

என் மனத்தைத் தொடுவது வேறு. பெரிய கோயில்களின் கர்ப்பக்கிருகம் மட்டுமன்று, சில இடங்களில் தெருவே அடைபட்டிருந்த காலத்தில், வலை வீசும் ஒரு குலம் தனக்கென ஒரு தாயை வைத்து, தானே அவளுக்கு மஞ்சள் பூசி, தானே அவள் வாக்கைச் சொல்லி, தன் மரியாதையைத் தானே உண்டாக்கிக்கொண்டது. அந்தப் பரம்பரையை ஸ்ரீரங்கத்துப் பரம்பரையோடு ஒரே வரியில் எழுதி ஒரே கோட்டால் அடிப்பது முறையா என்று பூசாரிகள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே வாசலில் வெளியே நிற்கும் ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளை, "நான் இந்தத் தாய்க்குப் பூசை செய்யக் கற்றுக்கொண்டால் என்னை விடுவீர்களா?" என்று கேட்டால், பாட்டனார் பட்ட இழிவு அதற்கு விடையாகாது. அதே இழிவை அவன் பாட்டனாரும் பட்டவர், பெரும்பாலும் கூடுதலாகவே பட்டவர்.

பரம்பரை என்றாலே சமத்துவத்துக்குச் சத்துரு என்றும் நினைத்துவிட வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்து அம்மன் கோயிலில், தந்தைக்குப்பின் மகள் பூசை செய்யப் புகுந்தபோது பெண் என்று தடுத்தார்கள். 2008-இல் நீதிபதி கே. சந்துரு, பெண் பூசை செய்யத் தடையில்லை என்று தீர்ப்பளித்தார். அவளை அந்த வாசல் வரையில் அழைத்து வந்தது தந்தைவழி உரிமை. உள்ளே அனுப்பியது சாசனம். ஆணுக்கு அரணாக இருந்த அதே பரம்பரை அன்று ஒரு பெண்ணுக்குப் படியாயிற்று. இந்த ஊரில், பூசாரி வீட்டுப் பெண்கள் அமாவாசையன்று எத்தனை மணிக்கு எழுந்து என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதை உங்களுக்குத் தெரிந்த அளவு நான் அறியேன். ஆகவே மேலே பேசாமல் விடுகிறேன்.

இதே மாவட்டத்தில், மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைவது குறித்த தகராற்றினால் 2023 ஜூன் 7-ஆம் தேதி கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. அங்கே எழுந்தது யார் பூசை செய்வது என்ற நுட்பமான கேள்வியன்று. யார் உள்ளே வந்து கும்பிடுவது என்பது. 1939-இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை மதுரைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோதே, 1947-இல் சென்னைச் சட்டசபை ஆலயப் பிரவேசச் சட்டம் செய்தபோதே முடிந்திருக்க வேண்டிய கேள்வி அது. அதில் விவாதிக்க இரண்டு பக்கங்கள் உண்டென்று நான் கருதவில்லை. ஆகவே நேரம் செலவிடாமல் ஏரிக்குப் போகிறேன்.

பண்டிதர்கள் அதிகம் எழுதாத வாசல் இதுதான். கோடையில் நீர் வற்றி, கெளுத்தியும் விராலும் சேற்றுக்குள் நெளியும் பருவத்துக்கு முன்பே மீன்பாசி ஏலம் வந்துவிடும். குளம், கிணறு, படித்துறை, சாலை இவற்றை உபயோகிப்பதில் ஜாதியால் தடை கூடாது என்று 15-ஆவது ஷரத்து விளக்கமாகச் சொல்கிறது. தண்ணீரை மொள்ள எல்லோருக்கும் உரிமை. மீனைப்பற்றி அது வாய் திறக்கவில்லை. சர்க்கார் தன் சொத்தை மனம்போனபடி ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதியை 1979-இல் உச்ச நீதிமன்றம் பம்பாய் விமான நிலையத்துச் சிற்றுண்டிக்கடை டெண்டர் வழக்கில் திட்டமாக உரைத்தது. சிற்றுண்டிக்கடைக்கு உரைத்தது செஞ்சித் தாலுகா ஏரிக்கும் சட்டமாகிறது! அவ்விதிப்படி அதிகத் தொகை கேட்பவருக்கு ஏலம். வெளியூர் ஒப்பந்தக்காரர் நோட்டுக்கட்டோடு வருகிறார். மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்று நம் மனிதர் சொல்கிறார், நியாயமாகவே சொல்கிறார். ஆனால் கரையில் மூன்றாவது ஒரு தரப்பு நிற்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் அந்த ஏரியைத் தூர்வாரி, கூடை கூடையாகச் சேற்றைச் சுமந்து கரைக்கு ஏற்றிய காலனிப் பெண்கள். "மண்ணு தூக்கினது நாங்க, மீனு மட்டும் அவங்களுதா?" என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்வியை எனக்குக் கடிதத்தில் எழுதியவள் என் பழைய மாணவி. இப்போது ஓர் அலுவலகத்தில் இத்தகைய ஏலக் கோப்புகளில் குறிப்பெழுதும் பொறுப்பில் இருக்கிறாள். கோயில் வாசலில் உயர்ந்து நின்றவர், கல்லூரி வாசலில் தாழ்ந்து நின்றவர், இங்கே ஒப்பந்தக்காரருக்குக் கீழேயும் காலனிப் பெண்ணுக்கு மேலேயுமாக ஒரே சமயத்தில் நிற்கிறார். முன்னுரிமையைச் சங்கத்துக்குத் தருவதே சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தைத் திறந்து, அதில் எத்தனை பெண்கள், காலனியிலிருந்து எத்தனை பேர், சேருவதற்கு மனுக் கொடுத்து நிராகரிக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணி எழுதியனுப்பு என்று அவளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கை இன்னும் வரவில்லை. ஏலத்துக்குப் பதினைந்து நாட்கள் இருக்கின்றன.

வெளியே உடுக்கைச் சத்தம் கேட்கிறது. உங்களை இனியும் பிடித்துவைப்பது முறையன்று.